வீமன் படுத்திருக்கும் இடம்

ஓகஸ்ட் 9, திங்கள்

ஊருக்கு வந்துவிட்டோம். ஊர் என்று சொல்வதற்கு ஊர் இருக்க வேண்டும். வீடு நின்ற இடத்தில் சீமெந்துத் தரையும், பாதிச் சுவரும், அம்மாவின் அம்மிக்கல்லும்தான் இருக்கின்றன. அம்மியை யாரும் களவெடுக்கவில்லை. தூக்க முடிந்திருந்தால் அதுவும் போயிருக்கும். முகாமில் தந்த தறப்பாளைத் தடிகளில் கட்டி நானும் அம்மாவும் கொட்டில் போட்டோம். தம்பி மண்ணைத் தின்று உதவி செய்தான். அவனுக்கு ஒன்றரை வயது. கீர்த்தனன் என்று பெயர், நாங்கள் குட்டி என்போம்.

இந்தக் கொப்பியும் முகாமில் தந்ததுதான். "நாளாந்தம் எழுது நிரோசா, மனப்பாரம் குறையும்" என்று ரீச்சர் சொன்னார். பாரம் குறையவில்லை. கையெழுத்து மட்டும் அழகாகிவிட்டது.

காணிக்குப் பின்னால், பழைய வேலிக்கு அங்காலே, சிவப்புத் தடிகள் நட்டு மண்டையோட்டுப் பலகை தொங்கவிட்டிருக்கிறார்கள். மிதிவெடி எடுக்கிற அக்காமார் கோவிலடியில்தான் நிற்கிறார்கள், இந்தப் பக்கம் வர இன்னும் நாளாகுமாம். "அந்தத் தடியைத் தாண்டினியெண்டால் காலை முறிப்பன்" என்றார் அம்மா. "அதுக்கு நீங்கள் மினக்கெட வேண்டாம், அங்கையே முறிஞ்சிடும்" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

வீமனைப் புதைத்த மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. வீமன் எங்கள் நாய். இடம்பெயர்வதற்கு முந்தின கிழமை செல் பட்டுச் செத்துப்போனான். அம்மா அப்போது குட்டியைப் பெற ஆசுபத்திரியில் இருந்தார். நான் பங்கருக்குள் இருந்தேன். வெளியே வந்தபோது அப்பா புதைத்து முடித்துவிட்டு, மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். "பாக்க வேண்டாம் பிள்ளை, பூ மட்டும் வை" என்றார். நான் ஒரு நித்தியகல்யாணிக் கன்று நட்டேன். இப்போது மேடு முழுக்கப் பூத்துக் கிடக்கிறது. வந்தவுடன் பக்கத்தில் போய் இருந்து, நாங்கள் வந்துவிட்டோம் என்று வீமனுக்குச் சொன்னேன்.

ஓகஸ்ட் 11, புதன்

வெள்ளை வானில் ஒரு சிஸ்டர் வந்தார். பிள்ளைகள் இல்லம் நடத்துகிறாராம். நல்ல மனுசி, குட்டிக்கு பிஸ்கற் தந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

அவர் போனபிறகுதான் விஷயம் வந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தவணை தொடங்க முதல், செப்ரெம்பர் ஐந்தாம் திகதி, என்னைக் கூட்டிப்போக வருவாராம்.

"மூண்டு நேரமும் சோறு குடுப்பினம் பிள்ளை. இஞ்சை என்ன கிடக்கு?"

"நீங்கள் கிடக்கிறியள்."

"என்னைத் தின்னேலாது."

எனக்குக் கோபம் வந்தது. அம்மா அழுதிருந்தால் நானும் அழுது சமாளித்திருப்பேன். அவர் அழாமல் தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஓகஸ்ட் 12, வியாழன்

நான் போகாமலிருக்க ஒரு வழி இருக்கிறது. புதையல்.

சும்மா சொல்லவில்லை. அம்மாவின் தாலிக்கொடி, காப்புகள், அட்டியல் எல்லாவற்றையும் அப்பா இந்தக் காணியில் எங்கோ மண்ணுக்குள் தாட்டு வைத்திருக்கிறார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். சிலர் தையல் மெசினைக்கூடத் தாட்டார்கள். அம்மா ஆசுபத்திரியில் இருந்ததால் அவருக்கு இடம் தெரியாது. பிறகு கேட்டபோதெல்லாம், "உன்ரை வாய் பொறுக்காது, நானே வந்து எடுப்பன்" என்று அப்பா பகிடி விட்டார்.

சண்டையின் கடைசியில் பாலத்தடியில் ஆமிக்காரர் ஆண்களை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். எங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் முட்கம்பி. அம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டு, "எங்கையப்பா வைச்சனீங்கள்?" என்று கத்தினார். சுற்றிவர அத்தனை சனம். இடத்தின் பெயரை எப்படிச் சொல்வது? அப்பா என்னைப் பார்த்தார். "இடம் பிள்ளைக்குத் தெரியும்! தெரியுமெண்டு அவளுக்குத் தெரியாது!" என்று கத்தினார். பிறகு, "ரெண்டு நாளிலை வந்திடுவன்" என்றார். பிறகு அவரை ஏற்றின பஸ் போய்விட்டது.

அம்மா என்னிடம் முகாமில் எத்தனை தரம் கேட்டிருப்பார்! யோசி பிள்ளை, அப்பா உனக்கு என்ன காட்டினவர், யோசி. நான் யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் இப்போது எனக்கொரு எண்ணம் வருகிறது. அப்பா சைக்கிள் கடை பூட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் வீமனுக்கும் புதையல் விளையாட்டு வைப்பார். தோடம்பழ இனிப்பைப் பேப்பரில் சுற்றி எங்காவது ஒளிப்பார். கிட்டப் போனால் "சுடுது, சுடுது" என்பார். விலகினால் "குளிருது" என்பார். அந்த இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். அவருடைய விளையாட்டில் அளாப்பல், ஏமாற்று எதுவும் கிடையாது. தோண்டப் போகிறேன்.

ஓகஸ்ட் 15, ஞாயிறு

ஒரு நாய் வந்திருக்கிறது.

காலையில் குளத்துப் பக்கமிருந்து வந்தது. உடம்பெல்லாம் சொறி, விலா எலும்பு எண்ணலாம். நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நேரே வந்து என் பாவாடையில் மூக்கை வைத்துக்கொண்டு நடுங்கியது. குட்டி கை தட்டினான்.

அம்மா கொட்டிலிலிருந்து வெளியே வந்தார். நாயைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

இடது காது பாதி இல்லை. வீமனுக்கும் இல்லைத்தான். சண்டையில் எத்தனையோ நாய்களுக்குக் காது போயிருக்கும். இதற்குச் சொறியன் என்று பெயர் வைத்தேன். புதையல் தேட எனக்கொரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 17, செவ்வாய்

முதல் இடம்: கிணற்றுக்கட்டின் பின்பக்கம். மண் கல்லுப்போல இருந்தது. அலவாங்கு என்னைவிட உயரம். நான் குத்துவேன், சொறியன் காலால் பறிப்பான். ஒரு துருப்பிடித்த கரண்டி கிடைத்தது. நான் கத்தினேன், அம்மா ஓடிவந்தார். கரண்டியைக் கழுவி வைத்துக்கொண்டார்.

இரண்டாம் இடம்: மாட்டுக்கொட்டில் நின்ற மூலை. ஒன்றுமில்லை.

கை கொப்பளித்துப் பேனை பிடிக்க முடியவில்லை.

ஓகஸ்ட் 18, புதன்

மண். மண். மண்.

ஓகஸ்ட் 20, வெள்ளி

பக்கத்துக் காணி இராசம்மா மாமி தண்ணீர் அள்ள வந்தார். அவருடைய கிணற்றை மூடிவிட்டார்கள். சொறியனைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"எடி, இது உங்கடை வீமனெல்லே?"

"இல்லை மாமி. வீமன் செத்திட்டான். இந்தா, மேடு."

"காதைப் பார். பாதிதான் கிடக்கு."

"மாமி, உங்கடை கண்ணுக்கு எல்லா நாயும் ஒண்டுதான்."

வாய் கூடிப்போயிற்று எனக்கு என்று மாமி அம்மாவிடம் முறையிட்டார். வழக்கமாக அதற்கு அடி விழும். இன்றைக்கு அம்மா, "அது வேறை நாயக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு முருங்கையடியைத் தோண்டப் போனார். அம்மாவும் இப்போது தோண்டுகிறார். முருங்கை அப்பா நட்டதுகூட இல்லை, போன மழைக்குத் தானாக முளைத்தது. அதன் கீழே எப்படி இருக்கும் என்று கேட்டேன். "பேசாமல் தோண்டு" என்றார்.

ஓகஸ்ட் 22, ஞாயிறு

சொறியனில் எனக்குச் சரியான கோபம். "புதையல் எங்கையடா?" என்று கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் வீமனின் மேட்டில் படுக்கிறான். பூவெல்லாம் நசிகிறது. இழுத்து வந்தால் திரும்ப ஓடுகிறான். விளையாட்டுப் பழகிய நாய் மாதிரிச் செய்கிறான். நாய்கள் எல்லாம் அப்படித்தான்.

பகல் ஒரு கதை நடந்தது, எழுதாமல் விட்டால் பிறகு மறந்துவிடும். நான் கூப்பிடாமலே அவன் என் மடியில் தலை வைத்தான். தாடைக்குக் கீழே தடவினேன். அங்கே ஒரு தழும்பு இருக்கிறது. வீமன் குட்டியாக இருந்தபோது அப்பாவின் கடையில் சைக்கிள் செயினில் மாட்டி, அந்த இடத்தில்...

வீமன் செத்துவிட்டான் என்று அப்பா சொன்னார். அப்பா பொய் சொல்வதில்லை. இது வீமன் என்றால் அவர் என்னிடம் பொய் சொன்னார் என்றாகும். ஒன்று பொய் என்றால் அவர் சொன்ன மற்றதும்

தழும்பு எல்லா நாய்க்கும் இருக்கும்.

ஓகஸ்ட் 25, புதன்

அரிசி முடிந்தது. மாமி கொஞ்சம் தந்தார். கஞ்சி வைத்தோம். அம்மா தனக்குப் பசிக்கவில்லை என்றார். குட்டி பால் வரவில்லை என்று அம்மாவைக் கடித்துவிட்டு அழுதான். அம்மா அவனை அடித்தார். அடித்த கையைத் தன் வாயில் வைத்துக் கடித்தார். நான் சொறியனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

காணியில் நடக்க இடமில்லை, எல்லாம் குழி. மிச்சமிருப்பது கொட்டில், சீமெந்துத் தரை, மேடு.

ஓகஸ்ட் 28, சனி

அம்மா எனக்கு இரண்டு சட்டை தைத்துவிட்டார். நிவாரணத்தில் வந்த நீலத் துணி, கையால் தைத்தது. போட்டுப் பார்க்கச் சொன்னார். வளருகிற பிள்ளை என்று கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கிறார். அப்படியென்றால் நான் அங்கேயே வளரப்போகிறேன்.

"நாயை என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"அது தன்ரை பாட்டிலை வந்தது, தன்ரை பாட்டிலை போகும்."

அம்மா அதைச் சொன்னபோது அவன் அவருடைய காலடியில்தான் படுத்திருந்தான். அவருடைய கால் விரல் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. இதை நான் கண்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

ஓகஸ்ட் 31, செவ்வாய்

ஞாபகம் வந்துவிட்டது! புளியமரம்!

ஒருமுறை அப்பா இனிப்பைப் புளியமரத்துப் பொந்தில் வைத்தார். அன்றைக்கு வீமன்தான் கண்டுபிடித்தான், பேப்பரோடு தின்றும்விட்டான். அது ஏன் இவ்வளவு நாளும் நினைவு வரவில்லை? தெரியும் என்று எனக்குத் தெரியாத இடம் அதுதான்.

புளியமரம் சிவப்புத் தடிக்கு அங்காலே நிற்கிறது.

ஆனால் சொறியன் அதற்குள்ளால்தான் தினமும் குளத்துக்குப் போகிறான், வருகிறான். ஒரு ஒற்றையடிப் பாதை போட்டே வைத்திருக்கிறான். அவன் வைத்த இடத்தில் கால் வைத்தால் ஒன்றும் ஆகாது. மரம் வெகுதூரம் இல்லை. இங்கிருந்து பார்த்தால் பொந்துகூடத் தெரிகிறது. இனி நாளும் இல்லை.

செப்ரெம்பர் 1, புதன்

நான் இப்போது எழுதுகிறேன் என்றால் உயிரோடு இருக்கிறேன் என்றுதானே.

காலையில் அம்மா மாமி வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, சொறியனை முருங்கையில் கட்டிவிட்டுப் போனேன். தடியைத் தாண்டினேன். அவன் பாதையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். அவன் குரைத்தான், குரைத்தான், தொண்டை கிழியக் குரைத்தான். பாதித் தூரம் போயிருப்பேன். அடுத்த கால் வைக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. தகர மீன் ரின்னின் மூடியளவு. முகாமில் படம் போட்டுக் காட்டிய அதே சாமான்.

பிறகு எனக்குக் கால் வரவில்லை. முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் வரவில்லை. நான் வந்த அடையாளம் எது, அவன் அடையாளம் எது என்று தெரியாமல் போயிற்று. சலம் போய்விட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் போய்விட்டது.

"நிரோசா! அப்பிடியே நில்லு! அசையாதை!" அம்மாவின் குரல். நாய் குரைக்கிற சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறார். மாமி கோவிலடிக்கு ஓடி வெடி எடுக்கிற அக்காமாரைக் கூட்டிவந்தார். முகமூடி போட்ட ஒரு அக்கா, கருவியால் தடவித் தடவி, முழங்காலில் இருந்தபடி என்னை நோக்கி வரத் தொடங்கினார். "தங்கச்சி, என்னைப் பார். கீழை பாக்காதை. உன்ரை பேரென்ன? என்ன படிக்கிறாய்?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே வந்தார். அவ்வளவு மெதுவாக ஒரு ஆள் வருவதை நான் கண்டதில்லை. தலைக்கு மேலே வெயில். என் காலில் எறும்பு ஏறியது.

அந்த நேரம் சொறியன் கயிற்றை அறுத்துவிட்டான். என்னிடம் வரப் பாய்ந்தான். வந்திருந்தால் ஓடி வருகிற வேகத்தில் அந்தப் பச்சைச் சாமானில்... அம்மா குட்டியை நிலத்தில் போட்டுவிட்டு அவன்மேல் விழுந்தார். இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். அவன் திமிறினான். அம்மா அவன் காதுக்குள் சொன்னது அங்கே நின்ற எனக்கும் கேட்டது.

"வீமா, வேண்டாமடா. வீமா, போகாதை ராசா. என்ரை வீமனெல்லே."

அவன் அடங்கினான்.

அக்கா வந்து என் கையைப் பிடித்தார். எப்படி வெளியே வந்தேன் என்று சரியாகத் தெரியாது. அம்மா எனக்கு அடித்தார். முதுகு, கை, பார்க்காமல் அடித்தார். பிறகு அப்படியே கீழே இருந்துவிட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, புளியமரத்துப் பொந்தில் ஏதும் இருந்ததா என்று.

செப்ரெம்பர் 2, வியாழன்

காய்ச்சல். அம்மா என் தலைக்குத் துணி நனைத்துப் போட்டபடி பக்கத்தில் இருந்தார். கேட்டுவிட்டேன்.

"நீங்கள் அவனை வீமன் எண்டனீங்கள்."

அம்மா துணியைப் பிழிந்தார்.

"அம்மா, நீங்கள் வீமன் எண்டனீங்கள்."

"வந்த அண்டைக்கே தெரியும் பிள்ளை. நான் சோறு போட்ட நாயெல்லே."

"அப்ப மேட்டுக்குள்ளை என்ன கிடக்கு?"

அம்மா மெதுவாக என்னிடமே கேட்டார்: "கொட்டிலடியிலை கிடக்கிறதை விட்டுட்டு ஏனடி வெடிக்குள்ளை போனனீ?"

நான் சுவரில்லாத பக்கம் திரும்பிப் படுத்தேன். அம்மாவும் தெரிந்துகொண்டுதான் முருங்கையடியைத் தோண்டியிருக்கிறார்! இரண்டு பேரும் இவ்வளவு நாளும் காணி முழுக்கக் குழி வெட்டியிருக்கிறோம், மேட்டை மட்டும் விட்டுவிட்டு.

"அதை நானே வந்து எடுப்பன் எண்டவர்" என்றார் அம்மா. "நாங்கள் எடுத்தமெண்டால்..."

எடுத்தால், அவர் வரமாட்டார் என்று நாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். அப்பா என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். நான் அந்த மேட்டில் எத்தனை நாள் அழுதிருப்பேன், அதைப் பார்த்துக்கொண்டும் நின்றிருக்கிறார். பிள்ளை அழுதால்தானே ஊர் நம்பும். நாய் புதைத்த இடத்தை யாரும் கிண்ட மாட்டார்கள். நானும் வெட்டச் சம்மதிக்க மாட்டேன். அப்பா என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வீமனை எங்கே கொண்டுபோய் விட்டாரோ, எப்படி மனம் வந்ததோ.

செப்ரெம்பர் 3, வெள்ளி

எடுத்தோம்.

நான்தான் முதல் வெட்டு வெட்டினேன். அப்பா சொன்னது பிள்ளைக்குத்தானே. நித்தியகல்யாணியை மண்ணோடு பெயர்த்து ஒரு பக்கம் வைத்தேன். வீமன் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆழமாகத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. முதலில் உரப்பை, அதற்குள் அப்பா உடுக்கிற கட்டம் போட்ட சாரம், சாரத்துக்குள் பால்மா ரின். வீமன் சாரத்துக்குள் மூக்கை விட்டு ஒரு சத்தம் போட்டான். நாய் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் இருந்தது. காப்புகள், அட்டியல், தாலிக்கொடி. அடியில் பேப்பரில் சுற்றி ஒரு தோடம்பழ இனிப்பு, உருகிப் பேப்பரோடு ஒட்டிப்போய்.

அதைக் கண்டதும் அழுதேன். குளறி அழுதேன். மாமிக்குக் கேட்கும் என்று அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்தார். அவருடைய வயிறும் குலுங்கியது.

பிறகு அம்மா காப்புகளையும் அட்டியலையும் சேலைத் தலைப்பில் முடிந்தார். கொடியை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். போடப் போகிறார் என்று நினைத்தேன். விற்கப் போகிறார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. திரும்பவும் ரின்னுக்குள் வைத்து மூடினார். சாரத்தை வீமனிடமிருந்து இழுத்தெடுக்கப் பெரும் பாடு. அதால் சுற்றி, உரப்பையில் போட்டு, அதே குழியில் வைத்தார்.

"இதை அவர் வந்து எடுக்கட்டும்" என்றார்.

நான் மண் தள்ளினேன். பூக்கன்றை அதே இடத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இனிப்பை நானும் குட்டியும் வீமனும் பங்கு போட்டோம். பேப்பரோடுதான்.

செப்ரெம்பர் 5, ஞாயிறு

வெள்ளை வான் வந்தது. அம்மா சிஸ்டரிடம், "பிள்ளை என்னோடையே இருக்கட்டும் சிஸ்டர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். சிஸ்டர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். நான் நீலச் சட்டை போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் இதைத்தான் போடப்போகிறேன், இடுப்பில் ஒரு ஊசி குத்தினால் சரி.

அம்மா நாளைக்குக் காப்புகளைக் கொண்டு பட்டணம் போகிறார். தையல் மெசின் ஒன்று பார்த்து வருவார்.

பின்னேரம் மாமி தண்ணீருக்கு வந்தார். கிணற்றடியில் நின்றபடி மேட்டைப் பார்த்தார். புது மண் இன்னும் ஈரம் காயவில்லை.

"என்னடி, மேட்டைக் கிளறியிருக்கிறியள்?"

"பூக்கண்டுக்கு மண் அணைச்சனாங்கள் மாமி."

"அதுக்குள்ளை கிடக்கிறது ஆர்?"

வீமன் அதன்மேல்தான் படுத்திருந்தான். தன் பாதிக் காதைச் சொறிந்துகொண்டு மாமியைப் பார்த்தான்.

"எங்கடை வீமன்" என்றேன்.

"அப்ப இது?"

"இது சொறியன், மாமி. வேறை நாய். எத்தினை தரம் சொல்லுறது?"

மாமி தலையை ஆட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார். அவர் படலையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மேட்டுப் பக்கத்தில் குந்தி, யாருக்கும் கேட்காமல், வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் முதல் தரம், அவனை அவன் பெயரால் கூப்பிட்டேன். அவன் எழும்பவில்லை. வால் மட்டும் மண்ணில் அடித்தது.